கேஷ்பேக் கார்டா, மைல்ஸ் கார்டா? டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில், சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போது யாராவது ஒருவர் பர்ஸிலிருந்து கார்டை எடுத்து நீட்டி, "ஆன்ட்டி, இது நல்ல கார்டா?" என்பார். நல்ல கார்டு கெட்ட கார்டு என்று ஒன்றும் இல்லை, உங்கள் செலவைச் சொல்லுங்கள் என்பேன். அதற்குள் தேநீர் ஆறிவிடும். ஒரே கேள்விகள் மறுபடி மறுபடி வந்ததால் எழுதிவைத்தேன்.

நான் வங்கியில் வேலை பார்த்தவள் அல்ல. எந்த வங்கியும் எனக்குக் கமிஷன் தருவதில்லை. 'எடுத்துக்காட்டாக' என்று சொல்லும் எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் போட்டவை. அந்த இடத்தில் உங்கள் கார்டின் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

கேஷ்பேக்னா என்ன, மைல்ஸ்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே ஆன்ட்டி?

இல்லை. கேஷ்பேக் என்றால் நீங்கள் செலவழித்ததில் ஒரு சிறு பங்கு ரேண்டாகவே திரும்பி வரும். அதைக் கொண்டு மின்சாரக் கட்டணம் கட்டலாம், கத்தரிக்காய் வாங்கலாம். நூறு ரேண்ட் வந்தால் அது நூறு ரேண்ட்தான்.

மைல்ஸ் என்பது ஒரு விமான நிறுவனத்தின் சொந்த நாணயம் மாதிரி. அதன் மதிப்பு என்ன, எங்கே செல்லும், எத்தனை நாள் செல்லும் என்பதை எல்லாம் அந்த நிறுவனமே முடிவு செய்யும். நாளைக்கே மாற்றவும் செய்யும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

வங்கி ஏன் நமக்குச் சும்மா காசு தரணும்? எங்கேயோ பிடிச்சிடுவாங்கதானே?

பிடிக்கிறார்கள். நீங்கள் கார்டைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் தன் வங்கிக்கு ஒரு கட்டணம் கட்டுகிறார். அதில் ஒரு பகுதி உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அதோடு உங்கள் மாதக் கட்டணமும், முழுதாகக் கட்டாதவர்கள் தரும் வட்டியும் சேர்கின்றன. இந்த மூன்று பானையிலிருந்துதான் உங்களுக்கு ஒரு கரண்டி ஊற்றுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைக்காரர் பக்கத்திலிருந்து கார்டு வங்கிக்குப் போகும் அந்தப் பங்கை, கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2015-இல் கட்டிப்போட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே வெகுமதிகள் மெலிந்து போயின. பானை வற்றினால் கரண்டியும் வற்றும்.

எனக்கு மாசக் கடைசியில முழுசா கட்ட முடியறதில்ல. எந்தக் கார்டு எடுக்கலாம்?

இரண்டும் வேண்டாம். இதைச் சொன்னால் சிலர் முகம் சுருங்குகிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

இங்கே தேசியக் கடன் சட்டத்தின்படி கிரெடிட் கார்டு வட்டிக்கு உச்சவரம்பு உண்டு: ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் (அது மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி), அதற்கு மேல் 14 சதவீதப் புள்ளிகள். ரெப்போ 7 சதவீதமாக இருந்தால் உச்சவரம்பு 21. எடுத்துக்காட்டாக, 8,000 ரேண்ட் பாக்கி வருடம் முழுக்க அப்படியே கிடந்தால் 21 சதவீதத்தில் வட்டி மட்டும் 1,680 ரேண்ட். மாதம் 10,000 ரேண்ட் செலவழித்து 0.75 சதவீதம் கேஷ்பேக் வாங்கினால் வருடம் முழுவதும் வருவது 900 ரேண்ட். ஒரு கையில் 900 வாங்கி மறு கையால் 1,680 கொடுப்பதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

முதலில் பாக்கியை அடையுங்கள். அதுவரை வட்டி எதில் குறைவு என்று மட்டும் பாருங்கள். வட்டி விகிதம் ஒவ்வொருவருக்கும் அவரவர் கடன் வரலாற்றைப் பார்த்து வைப்பதால், வங்கியிடம் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்காமல் யாரும் குறைக்க மாட்டார்கள்.

55 நாள் வட்டி இல்லைன்னு சொன்னாங்க. எனக்கு 30 நாளிலேயே கட்டச் சொல்லி வந்திருச்சே, ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. '55 நாள் வரை' என்பதில் அந்த 'வரை' சின்ன எழுத்தில் இருந்திருக்கும். மாதக் கணக்கு 30 நாள், அதன் பிறகு கட்டுவதற்கு 25 நாள், ஆக 55. கணக்கு முடிந்த மறுநாள் வாங்கினால் முழு 55 நாளும் கிடைக்கும். முடிவதற்கு முந்தின நாள் வாங்கினால் 26 நாள்தான். ஃப்ரிட்ஜ் மாதிரி பெரிய பொருள் வாங்குவதாக இருந்தால் கணக்குத் தேதியைப் பார்த்து இரண்டு நாள் பொறுத்து வாங்குங்கள்.

போன மாதப் பாக்கியில் கொஞ்சம் விட்டுவிட்டால் இந்தச் சலுகை பெரும்பாலும் கைநழுவிவிடும். அதனால் வங்கியில் சொல்லி, தானாகப் பிடிக்கும் தொகையை 'குறைந்தபட்சம்' என்பதிலிருந்து 'முழுத்தொகை' என்று மாற்றிவிடுங்கள். என்னிடம் காட்டப்படும் கார்டுகளில் பாதி குறைந்தபட்சத்தில்தான் நிற்கிறது. கார்டு வாங்கிய அன்று யாரோ அப்படி நிரப்பியிருப்பார்கள், நாமும் கையெழுத்துப் போட்டிருப்போம்.

கடையில 'ஸ்ட்ரெயிட்டா, பட்ஜெட்டா'ன்னு கேக்கறாங்க. பட்ஜெட்னு சொன்னா நல்லதுதானே?

பெயர் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். பட்ஜெட் என்றால் தவணைக் கடன். வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், 55 நாள் சலுகை அதற்கு இல்லை. கிரெடிட் கார்டு வெகுமதிக்காகத்தான் என்று முடிவு செய்துவிட்டால், கடையில் எப்போதும் 'ஸ்ட்ரெயிட்' என்றே சொல்லுங்கள்.

சரி, நான் முழுசா கட்டுறவன். ஒரு வாட்டி சென்னைக்குப் போய் வரணும். அப்போ மைல்ஸ்தானே லாபம்?

இந்தக் கேள்விக்குத்தான் காகிதமும் பேனாவும் வேண்டும். எடுத்துக்காட்டாக, டர்பனிலிருந்து துபாய் வழியாகச் சென்னை போய்வர டிக்கெட் 15,000 ரேண்ட் என்று வையுங்கள். அதே இருக்கையை மைல்ஸில் எடுத்தால் 72,500 மைல்ஸும், வரி மற்றும் விமான நிறுவனக் கட்டணமாக 5,500 ரேண்டும் கேட்கிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் மிச்சம் பிடித்தது 9,500 ரேண்ட். அதை 72,500-ஆல் வகுத்தால் ஒரு மைலுக்குச் சுமார் 13 சென்ட். கார்டு 15 ரேண்டுக்கு ஒரு மைல் தருகிறது என்றால், நூறு ரேண்ட் செலவுக்கு உங்களுக்குக் கிடைப்பது 87 சென்ட். கேஷ்பேக் 75 சென்ட்தான். ஆகவே மைல்ஸ் ஜெயித்ததா?

இப்போது மாதச் செலவைப் போடுங்கள். 10,000 ரேண்ட் செலவழிப்பவருக்கு மாதம் 667 மைல்ஸ், வருடத்துக்கு 8,000. 72,500 சேர ஒன்பது வருடம் ஆகும். துபாய் வழியாகப் பறக்கும் எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஸ்கைவார்ட்ஸ் மைல்ஸுக்கு ஆயுள் மூன்று வருடம். மூன்று வருடத்தில் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்திருக்கும்போதே, முதலில் சேர்த்தவை ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது இதுதான். இதே ஆள் கேஷ்பேக் எடுத்திருந்தால் மூன்று வருடத்தில் 2,700 ரேண்ட் கையில் இருக்கும்.

மாதம் 30,000 ரேண்ட் கார்டில் செலவழிப்பவருக்கு மூன்று வருடத்தில் 72,000 மைல்ஸ். ஏறக்குறைய ஒரு டிக்கெட், ஒரு ஆளுக்கு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை. அதே செலவுக்குக் கேஷ்பேக் 8,100 ரேண்ட். வித்தியாசம் 1,400 ரேண்ட், அதுவும் நீங்கள் கேட்கும் தேதியில் இடம் கிடைத்தால். எனவே வீட்டுச் செலவை மட்டும் கார்டில் போடும் குடும்பத்துக்குக் கேஷ்பேக்தான் என்று நான் தயங்காமல் சொல்வேன். கேஷ்பேக்கைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுச் 'சென்னை' என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். எந்த விமானத்திலும் போகலாம்.

இன்னொன்று. இரண்டு பக்கத்திலும் கார்டுக் கட்டணத்தைக் கழிக்க மறக்காதீர்கள். மாதம் 60 ரேண்ட் கட்டணம் என்றால் வருடத்துக்கு 720. மேலே சொன்ன 900 ரேண்ட் கேஷ்பேக்கில் மிஞ்சுவது 180. அந்தக் காசுக்கு நாலு பேர் உட்கார்ந்து பன்னி சௌ (ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) கூடச் சாப்பிட முடியாது. கணக்குப் போட்ட பிறகு பலர் கார்டே வேண்டாம் என்று டெபிட் கார்டோடு போய்விடுகிறார்கள். அதிலும் தப்பில்லை.

ஈபக்ஸ், யூகவுண்ட், டிஸ்கவரி மைல்ஸ் இதெல்லாம் எந்தப் பக்கம்? மைல்ஸ்னு பேரே இருக்கே?

இது நல்ல கேள்வி. நம் நாட்டில் 'கேஷ்பேக்கா, பயணமா' என்ற கேள்வியே கொஞ்சம் கோணலாக விழுவதற்கு இதுதான் காரணம். ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியின் வெகுமதித் திட்டமான ஈபக்ஸில் 10 ஈபக்ஸ் ஒரு ரேண்ட். டிஸ்கவரி வங்கியின் டிஸ்கவரி மைல்ஸிலும் பத்துக்கு ஒரு ரேண்ட். பெயரில் மைல்ஸ் இருந்தாலும் அது எந்த விமானத்தின் மைலும் அல்ல. இவற்றைக் கடையிலும் கொடுக்கலாம், டிக்கெட்டும் எடுக்கலாம். ஸ்டாண்டர்ட் வங்கியின் யூகவுண்டும் இந்தக் குடும்பம்தான். ஆப்சா வங்கியின் திட்டம் ரேண்டாகவே தருகிறது.

மதிப்பு ரேண்டில் கட்டப்பட்டிருப்பதால் இவற்றைக் கேஷ்பேக்கின் தம்பிகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தம்பிகளுக்குக் குறும்பு அதிகம். எங்கே செலவழித்தால் முழு மதிப்பு, எந்தக் கடையில் வாங்கினால் அதிகம் சேரும் என்று நிபந்தனைகள் உண்டு, அவை ஆண்டுதோறும் மாறும். வங்கி மூலம் விமான டிக்கெட்டுக்குத் தள்ளுபடி என்றால், அதே விமானத்தின் விலையை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் பாருங்கள். தள்ளுபடிக்குப் பிறகு வரும் விலையைத்தான் ஒப்பிட வேண்டும், தள்ளுபடிச் சதவீதத்தை அல்ல.

மேல் லெவலுக்குப் போனா நிறைய வருமாம். சம்பளம், இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன் எல்லாத்தையும் அங்கேயே கொண்டுவரச் சொல்றாங்களே?

அதுதான் அவர்களுக்கு வேண்டியது. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் சதவீதம் உச்சிப் படியில் நிற்பவருக்கு. நீங்கள் கீழ்ப்படியில் நின்றால் அதில் ஒரு துளி. ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை இருக்கிறது: சம்பளம் அங்கே வர வேண்டும், செயலியில் இத்தனை தடவை நுழைய வேண்டும், கார்க் காப்பீடு அவர்களிடமே எடுக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஃபீனிக்ஸ்காரர் ஒருவர் படி ஏறுவதற்காகக் காப்பீட்டை மாற்றினார். மாதம் 210 ரேண்ட் பிரீமியம் கூடியது. புள்ளிகள் மாதம் 130 ரேண்ட் அளவுக்குக் கூடின. அவர் எட்டு மாதம் சந்தோஷமாக இருந்தார், பிறகு என்னிடம் கணக்கைக் காட்டினார். இப்போது என்னைக் கண்டால் நடையை எட்டிப் போடுகிறார்.

பெட்ரோலுக்கு மட்டும் எல்லா வங்கியும் போட்டி போட்டுக்கிட்டுத் தர்றாங்களே, ஏன்?

தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் சில்லறை விலையை அரசு நிர்ணயிக்கிறது. மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். கடற்கரையில் இருக்கும் நமக்கு ஒரு விலை, உள்நாட்டில் ஜோகன்னஸ்பர்க்காரர்களுக்கு அதைவிடக் கூட. நிலையம் தானாக விலையைக் குறைத்து வாடிக்கையாளரை இழுக்க முடியாது. அதனால் வங்கியோடு கைகோத்துப் புள்ளியாகத் தருகிறார்கள். தினமும் டொங்காட்டிலிருந்து டர்பனுக்கு ஓட்டுகிறவருக்கு இது உண்மையிலேயே நல்ல பணம்.

மாத உச்சவரம்பு எவ்வளவு, எந்த நிலையம் என்று மட்டும் பாருங்கள். புள்ளிக்காக ஏழு கிலோமீட்டர் சுற்றிப்போய் நிரப்பினால் சேர்வதைவிட எரிவது அதிகம்.

மைல்ஸ்ல எடுத்தா டிக்கெட் ஃப்ரீன்னாங்க. இப்போ அஞ்சாயிரம் கட்டச் சொல்றாங்க. டிசம்பர்ல இடமே இல்லையாம்.

மைல்ஸ் ஈடுகட்டுவது பெரும்பாலும் அடிப்படைக் கட்டணத்தை மட்டும். விமான நிலைய வரி, அரசு வரி, நிறுவனம் தன் பங்குக்குச் சேர்க்கும் கட்டணம் எல்லாம் நம் பையிலிருந்துதான். மேலே சென்னைக் கணக்கில் 5,500 ரேண்டைக் கழித்தது இதற்காகத்தான். மதிப்புப் போடும்போது அதைக் கழிக்காமல் விட்டவர்களுக்கு மைல்ஸ் எப்போதும் தங்கமாகத் தெரியும்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் காசு கொடுத்தே இடம் கிடைக்காது. மைல்ஸுக்கு ஒதுக்கும் இருக்கைகளோ மிகச் சில. ஆவணியில், ஐப்பசியில் போக முடிகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள நான்கு பேர் குடும்பம், ஒரே விமானத்தில், டிசம்பரில் என்றால் மைல்ஸை நம்பி அத்தைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

சேர்த்து வெச்ச மைல்ஸ் அப்படியே இருக்கும்தானே?

இருக்காது. எனக்கே நடந்தது. ஒரு விமான நிறுவனத்தில் வருடக்கணக்காகச் சேர்த்தேன், மகளின் படிப்பு முடிந்ததும் இரண்டு பேரும் மதுரைக்குப் போகலாம் என்று. காலாவதி பற்றிய கடிதம் நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. நான் கணக்கைத் திறந்து பார்த்தபோது பாதி காணோம். தொலைபேசியில் பேசிய பையன் மிகவும் மரியாதையாகப் பேசினான், ஒரு மைலும் திருப்பித் தரவில்லை.

காலாவதி ஒரு ஆபத்து. நிறுவனமே ஆடிப்போவது இன்னொன்று. நம் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் 2015-இல் மும்பை நேரடிச் சேவையை நிறுத்தியது. 2019 டிசம்பரில், கடனில் தத்தளிக்கும் நிறுவனங்களுக்கான சட்டப்படியான மீட்பு நடவடிக்கைக்குள் போனது. பறப்பதையே நிறுத்திவிட்டு 2021 செப்டம்பரில்தான் மறுபடி பறந்தது. இங்கே பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெயரிலும் குலுலா பெயரிலும் உள்நாட்டில் பறந்துகொண்டிருந்த காமேர் 2022 ஜூனில் மூடப்பட்டது. மைல்ஸைச் சேமிப்பு என்று நினைக்காதீர்கள். வட்டி தராத, காப்புறுதி இல்லாத இடத்தில் வைத்த காசு அது. டிக்கெட்டுக்குப் போதுமான அளவு சேர்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

தி.நகர்ல புடவை எடுக்கறப்போ இந்தக் கார்டையே தேய்ச்சா பாயிண்ட் வருமே?

வரும். அதைவிட அதிகமாகப் போகும். வெளிநாட்டு நாணயத்தில் செலவழித்தால் நம் வங்கிகள் மாற்றுக் கட்டணம் பிடிக்கின்றன. எடுத்துக்காட்டாக 2.5 சதவீதம் என்றால், 20,000 ரேண்ட் பெறுமான பட்டுக்கு 500 ரேண்ட் கட்டணம், உங்களுக்கு வரும் வெகுமதி 150. பயணக் கார்டு என்று பெயர் வைத்துக்கொண்டு இந்தக் கட்டணத்தைக் குறைக்காத கார்டை நான் பயணக் கார்டு என்று ஒப்புக்கொள்வதில்லை. கார்டு எடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

கடை இயந்திரம் 'ரேண்டா, ரூபாயா' என்று கேட்டால் ரூபாய் என்று அழுத்துங்கள். ரேண்டை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்தக் கடைப் பக்கத்து இயந்திரம் தன் இஷ்டத்துக்குப் போடும். ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுக்காதீர்கள். கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு, புள்ளியும் கிடையாது. சின்னக் கடைகளுக்கு ரொக்கம்தான்.

ஏர்போர்ட் லவுஞ்ச் ஃப்ரீயாமே? அதுக்காகவே எடுக்கலாமா?

வருடத்துக்கு ஒரு தடவை கிங் ஷாகாவில் இரண்டு சமோசாவும் ஒரு காபியும் சாப்பிட, மாதாமாதம் கட்டணமா? வேலைக்காக வாராவாரம் ஜோகன்னஸ்பர்க் பறப்பவர் என்றால் சரி. கூட வருகிறவருக்குக் காசு உண்டா என்று வாசலிலேயே கேளுங்கள். நான் கேட்காமல் என் சித்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். சித்தி ஒரு கேக்தான் சாப்பிட்டார். அந்தக் கேக்கின் விலையை மாதக் கணக்கில் பார்த்துவிட்டு இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

கார்டுல டிக்கெட் எடுத்தா பயணக் காப்பீடு இலவசம்னு போட்டிருக்கு. அம்மாவுக்கு 76 வயசு, கூட்டிட்டுப் போகலாமா?

கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் அந்த இலவசத்தை நம்பி அல்ல. டிக்கெட்டின் முழுத்தொகையையும் அந்தக் கார்டில் கட்டியிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. சில கார்டுகளில் கிளம்புவதற்கு முன் பதிவு செய்து சான்றிதழ் எடுக்க வேண்டும். அதையெல்லாம் செய்தாலும் வயது வரம்பு இடிக்கும். ஏற்கெனவே உள்ள நோய்களைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். நம் வீடுகளில் சர்க்கரையோ பிரஷரோ இல்லாத 76 வயது எங்கே இருக்கிறது?

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் கார்டுக் காப்பீடு போதலாம். அம்மாவுக்குத் தனியாக வாங்குங்கள், நோய்களை மறைக்காமல் எழுதி வாங்குங்கள்.

மகள் கல்யாணம் வருது. மண்டபம், சமையல், நகை எல்லாத்தையும் கார்டுல போட்டா பாயிண்ட் மலை மாதிரி சேருமே அக்கா?

முழுத்தொகையும் ஏற்கெனவே வங்கியில் ரொக்கமாக இருந்து, கணக்கு வந்ததும் அப்படியே கட்டிவிடுவீர்கள் என்றால் போடுங்கள். அப்போதும் மூன்று விஷயம் பாருங்கள். கார்டு வரம்பு போதுமா? மாத வெகுமதிக்கு உச்சவரம்பு இருக்கிறதா? (இருந்தால் அதற்கு மேல் போட்டதற்கு ஒன்றும் வராது.) சமையல்காரர் கார்டு என்றால் கூடக் கேட்கிறாரா, ரொக்கம் என்றால் குறைப்பாரா? ரொக்கத்துக்கு 3 சதவீதம் குறைப்பவரிடம் கார்டை நீட்டி 0.75 சதவீதம் சம்பாதித்த தகப்பனாரை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் இன்னும் கையில் இல்லை, சீட்டு விழுந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்றால், மேலே முழுதாகக் கட்ட முடியாதவருக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும்.

யூடியூப்ல ஒரு அமெரிக்காக்காரர் கார்டு எடுத்த போனஸ்லயே பிசினஸ் கிளாஸ்ல பறக்கறாரே, நமக்கு ஏன் இல்ல?

அவர் ஊர் பானை பெரிது. அங்கே கடைக்காரரிடமிருந்து வங்கிக்கு வரும் பங்கு அதிகம், கார்டு எடுத்ததற்கே பெரிய போனஸ் கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள். இங்கே அந்தப் பழக்கம் இல்லை. அவர் வீடியோவைப் பார்த்து மகிழலாம், பின்பற்ற முடியாது.

அப்போ மைல்ஸ் கார்டு யாருக்குத்தான் நல்லது?

கார்டு இல்லாமலே மைல்ஸ் சேர்கிறவருக்கு. சாண்ட்டனில் வேலை பார்த்துக்கொண்டு கம்பெனிச் செலவில் துபாய்க்கும் லண்டனுக்கும் போய்வரும் தம்பி ஒருவர் இருக்கிறார். பறப்பதிலேயே அவருக்கு வருடத்துக்குப் பல ஆயிரம் சேர்கிறது. கார்டு மைல்ஸ் அந்தக் குடத்தை நிரப்பிவிடும். ஓட்டை வழியாக ஒழுகுவதற்கு முன் பயன்படுத்தியும் விடுகிறார். அவர் பிசினஸ் கிளாஸுக்கு மாற்றிக்கொள்ள மைல்ஸ் கொடுக்கிறார், அங்கே ஒரு மைலின் மதிப்பு நான் போட்ட 13 சென்ட்டைவிட நன்றாகவே வரும். ஆனால் சொந்தக் காசில் பிசினஸ் கிளாஸ் வாங்கியிருக்கவே மாட்டீர்கள் என்றால், அந்த உயர்ந்த மதிப்பை லாபமாக எழுதாதீர்கள். அது சுகம், மிச்சம் அல்ல.

ரெண்டையும் வெச்சுக்கிட்டா என்ன? பெட்ரோலுக்கு ஒண்ணு, மத்ததுக்கு ஒண்ணு.

செய்யலாம். ஒழுங்காகக் கணக்கு வைப்பவர்களுக்கு இது நல்ல வழிதான். ஆனால் இரண்டு கட்டணம், இரண்டு தேதி. ஒரு தேதியை மறந்தால் அந்த வருட லாபம் போயிற்று.

வீட்டுக் கடன் கேட்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் யோசியுங்கள். கடன் சட்டப்படி உங்களால் தாங்க முடியுமா என்று வங்கி பார்க்கும்போது, பயன்படுத்தாத கார்டின் வரம்பும் கண்ணில் படும். சும்மா கிடக்கும் கார்டை மூடுங்கள், அல்லது வரம்பைக் குறையுங்கள். கடன் பதிவு நிறுவனங்களிடமிருந்து வருடத்துக்கு ஒரு முறை உங்கள் அறிக்கையை இலவசமாகப் பெற உரிமை உண்டு. நீங்கள் மூடிவிட்டதாக நினைக்கும் கார்டு அதில் உயிரோடு இருக்கலாம்.

அவர் போயி மூணு வாரம் ஆகுது. கார்டு அவர் பேர்ல, எனக்கு அதுல கூடுதல் கார்டு. பாயிண்டும் மைல்ஸும் நிறைய இருக்கு. நான் எடுத்துக்கலாமா?

இதைக் கேட்ட அக்கா ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார், இறந்த கணவரின் கடவுச்சொல் அவருக்குத் தெரியும். முதலில் அந்தக் கூடுதல் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். கணக்கு அவருடையது. வங்கிக்குத் தெரிவித்ததும் உங்கள் கார்டும் நின்றுவிடும். வீட்டுச் செலவுக்கு உங்கள் பெயரில் ஒரு கணக்கு வேண்டும், அதை இந்த வாரமே திறங்கள்.

மைல்ஸுக்கும் புள்ளிக்கும் ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு திட்டத்தின் விதிகளிலும் உறுப்பினர் இறந்தால் என்ன என்று ஒரு பத்தி இருக்கும். சிலர் வாரிசுக்கு மாற்றித் தருவார்கள், சிலர் ரத்து செய்வார்கள், சிலர் குறிப்பிட்ட மாதங்களுக்குள் கேட்கச் சொல்வார்கள். கடவுச்சொல்லை வைத்து நீங்களே எடுத்தால் விதிமீறல் என்று கணக்கையே மூடலாம். எழுதிக் கேளுங்கள். இறப்புச் சான்றிதழும், இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தந்து உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் கொடுக்கும் கடிதமும் கேட்பார்கள். சொத்து மதிப்பு 250,000 ரேண்டுக்குள் இருந்தால் அந்தக் கடிதம் எளிய நடைமுறையிலேயே கிடைக்கும். கார்டில் பாக்கி இருந்தால், கடனுக்குக் காப்பீடு இருந்ததா என்றும் வங்கிக்கு எழுதும்போதே கேட்டுவிடுங்கள். அந்த அக்காவுக்கு அப்படி ஒன்று இருந்தது. மாதக் கணக்கின் இரண்டாம் பக்கத்தில், 38 ரேண்ட் என்று, அவர் ஒருநாளும் கவனிக்காத ஒரு வரியாக.